பெட்ரூம் சீலிங்ல ஓதம்: மாடியில பெயிண்ட் அடிச்சும் நிக்கலை, உதவி தேவை

கீழத்தெரு · நவம்பர் 9, இரவு 9:40

அவசரம். பெட்ரூம் சீலிங்ல ஓதம் இறங்குது. போன மாசம்தான் மாடியில வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சோம். இந்த மழைக்கு அதே இடத்துல திரும்ப வட்டம் போட்டிருக்கு, முன்னைவிடப் பெருசு. எந்த பெயிண்ட் வாங்கினா நிக்கும்? இல்ல, ரூம் உள்பக்கமா சீலிங்ல அடிக்கிற டாம்ப் ப்ரூஃப் மட்டும் போட்டா போதுமா? அடுத்த வாரம் வீட்டுல விசேஷம். சீக்கிரம் சொல்லுங்க.

ரசமட்டம் · இரவு 9:58

இவ்வளவை வெச்சு யாரும் எதுவும் சொல்ல முடியாதுங்க. தனி வீடா, அடுக்குமாடியா? கட்டி எத்தனை வருஷம்? மாடியில தட்டோடா, சிமெண்ட் தளமா? வட்டம் சுவரோரமா, நடு சீலிங்கா? மழை விட்டு நாலு நாள்ல காயுதா, இல்ல வெயில் காலத்துலயும் ஈரம் இருக்கா? வெயில்லயும் ஈரம்னா அது மழைத்தண்ணி இல்லை. டேங்க் இல்ல குழாய். முதல்ல அது தெரியணும்.

வெள்ளைமாடி · இரவு 10:15

ரெண்டு கோட்டு போதாது, அதான் விஷயம். முதல் கோட்டு தண்ணி கலந்து ப்ரைமர் மாதிரி போகணும். அதுக்கு மேல கலக்காம ரெண்டு கோட்டு, ஒண்ணு வடக்கு தெற்கா, அடுத்தது கிழக்கு மேற்கா. நடுவுல ஃபைபர் வலை. கைப்பிடிச் சுவர்ல ஒரு அடி உயரம் ஏத்தணும். அடிக்கிறதுக்கு முன்னாடி பாசியை கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சீங்களா? தரை காஞ்சிருந்துச்சா? ஈரத் தட்டோட்டு மேல இந்த அக்ரிலிக் பெயிண்ட் அடிச்சா மறுநாள் வெயிலுக்கு உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி படலத்தைக் கொப்புளமா தூக்கிடும். கொப்புளம் உடைஞ்ச இடம் எல்லாம் ஓட்டைதான்.

காளவாய் · இரவு 10:31

தம்பி, டப்பாவுல வர்ற எதையும் மாடியில பூசாதீங்கன்னு இங்க எத்தனையோ தடவை எழுதியாச்சு. பழைய இழையைப் படிச்சுட்டு வந்து கேட்டா நல்லது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி தெளிச்சு, மூணு நாள் கட்டையால அடிச்ச சுருக்கித் தளம் அம்பது வருஷம் நிக்கும். பெயிண்ட்டுக்கு ஆயுசு மூணு மழை. நல்ல மேஸ்திரியைக் கூப்பிட்டு, இருக்கிற தளத்துக்கு மேல புதுசா சுருக்கி போட்டு தட்டோடு பதிங்க.

கீழத்தெரு · நவம்பர் 10, காலை 7:05

தனி வீடு, 1996ல கட்டினது. தட்டோடு. வட்டம் நடு சீலிங்ல, ஃபேன் பக்கத்துல, ரெண்டு அடி இருக்கும். வெயில் காலத்துல இல்லை. டேங்க் அந்தப் பக்கம் சமையல்கட்டுக்கு மேல. வட்டத்துக்கு நேர் மேல 10க்கு 10 அடி மட்டும்தான் பெயிண்ட் அடிச்சது. தட்டோட்டுல விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியலை.

ரெண்டாம்ஃபேஸ் · காலை 7:12

ஃபேன் பக்கத்துலன்னா மத்ததை அப்புறம் பாத்துக்கலாம். அந்த ரூம் எம்சிபியை (மெயின் போர்டுல கரண்ட்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) இப்பவே ஆஃப் பண்ணுங்க. ஃபேன் கொக்கி டப்பாவுக்கு ஸ்லாப் உள்ளாறதான் பிவிசி பைப் வரும். ஸ்லாப் மேல நிக்கிற தண்ணிக்கு அந்த பைப் ஜாயிண்ட் சுலபமான வழி. ஃபேன் மூடியை இறக்கிப் பாருங்க, வயர் முனையில பச்சை பூத்திருந்தா தண்ணி அங்க வந்துட்டிருக்குன்னு அர்த்தம். ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா அணையுற சுவிட்ச், இருக்கா வீட்டுல? மழைநேரத்துல காரணமில்லாம ட்ரிப் ஆகுதா?

கீழத்தெரு · காலை 7:30

ஆமா!! மழை பெஞ்சா ட்ரிப் ஆகுது. அது இன்வெர்ட்டர் பிரச்சினைன்னு நினைச்சிட்டு இருந்தோம். ஆஃப் பண்ணிட்டேன்.

ரசமட்டம் · காலை 8:20

நேர் மேல அடிச்சதுதான் தப்பு. தட்டோட்டுல நீங்க பாக்கிற வாட்டம் மேல்பூச்சுல குடுத்தது, பத்தடிக்கு ஒண்ணேகால் இன்ச் மாதிரி. அதுக்குக் கீழ ஸ்லாப் சமமாத்தான் இருக்கும். தண்ணி ஒரு தடவை தட்டோட்டுக்குக் கீழ இறங்கிட்டா, சுருக்கியில ஊறி ஸ்லாப் மேல பரவி, எங்க பலவீனமோ அங்க சொட்டும். உள்ள போற இடத்துக்கும் வெளிய வர்ற இடத்துக்கும் எட்டுப் பத்து அடி தூரம் இருக்கிறது சாதாரணம். உங்க வீட்டுல அந்தப் பலவீனம் ஃபேன் டப்பா.

1996ல இருந்து ஒழுகாத மாடி இப்ப ஏன் ஒழுகுது? அதுதான் கேள்வி. முதல் தடவை வட்டம் வந்தது எப்போ? அதுக்கு ஆறு மாசம் முன்னாடி மாடியில யாராவது எதையாவது செஞ்சாங்களா? டிஷ், கொடிக்கம்பி, ஏசி அவுட்டோர், கேபிள், எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

உள்பக்கம் டாம்ப் ப்ரூஃப் வேண்டவே வேண்டாம். கீழ அடைச்சா தண்ணி நிக்காது, ஸ்லாப்லயே தங்கும். கம்பிக்குக் கீழ காரை 20 மி.மீ. அளவுதான். கம்பி துருப்பிடிச்சா பருமன் பல மடங்காகி அந்தக் காரையைப் பேத்துக்கிட்டு வரும். விசேஷத்துக்கு உதிர்ற பட்டியை மட்டும் சுரண்டிட்டு அப்படியே காத்தாட விடுங்க.

மண்பாண்டம் · காலை 9:02

காளவாய் ஐயா சொன்னதுல ஒரு பாதியைத் தடுத்தே ஆகணும். சுருக்கி நல்ல தளம்தான், சந்தேகமில்லை. ஆனா "இருக்கிறதுக்கு மேல" போடக்கூடாது. 800 சதுர அடிக்கு 3 இன்ச் கனம்னா ஐந்தரை கன மீட்டர், எடை பத்து டன்னுக்கு மேல. சதுர மீட்டருக்கு 140 கிலோ. ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு, கட்டட பாரத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 வைக்கிற நடமாட்ட பாரமே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். அந்த இடத்தை முழுசா புதுத் தளமே சாப்பிட்டுடும். பழசைப் பேத்து இறக்கிட்டுத்தான் புதுசு.

காளவாய் · காலை 9:40

அந்தக் காலத்து வீடுங்க அதைவிட அதிகம் தாங்கியிருக்கு. கணக்குப் புத்தகம் பாத்து யாரும் மாடி போடலை.

மண்பாண்டம் · காலை 9:55

அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸுக்குத் தேக்கு உத்திரம் நெருக்கமா ஓடும், சுவர் ஒன்றரை அடி. இது நாலரை, அஞ்சு இன்ச் கான்கிரீட் ஸ்லாப். ரெண்டும் வேற. சுண்ணாம்போட குணத்தை நான் குறைச்சுச் சொல்லலை. வெயிலுக்கு விரியுறப்ப சிமெண்ட் பிளக்கும், சுண்ணாம்பு அனுசரிச்சுப் போகும். முடியிழை விரிசல் மழையில தானாவே அடையும். பெயிண்ட்டுக்கு அந்தக் குணம் இல்லை. அது சரி. எடையை மட்டும் மறக்கக்கூடாது.

வெள்ளைமாடி · காலை 10:10

அப்போ அடிச்சுப் பதிக்க இன்னைக்கு ஆள் எங்க? மூணு நாள் கட்டை அடிக்கிற ஆட்கள் கிடைக்காம, சிமெண்ட்டும் ஜல்லியும் கொட்டிட்டு "சுருக்கி"ன்னு பில் போடுறாங்க. அதுக்கு ஒழுங்கா அடிச்ச அக்ரிலிக் எவ்வளவோ மேல். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மறுகோட்டு, அவ்வளவுதான்.

காளவாய் · காலை 10:22

ஆள் இல்லைன்னு சொல்லிச் சொல்லியே அந்த வேலையை ஒழிச்சாச்சு. கடுக்காய்த் தண்ணி எத்தனை நாள் ஊறணும்னு தெரியாதவங்க எல்லாம் சுருக்கியைப் பத்திப் பேசுறாங்க.

கீழத்தெரு · மதியம் 1:15

மாடியில புதுசா எதுவும் கட்டலை. சோலார் மட்டும்தான் போட்டோம், ஜூன்ல. மானியத்துல போடுற அந்த 3 கிலோவாட். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுன்னு நினைச்சு முன்னாடி சொல்லலை. ஸ்டாண்டு வட்டத்துல இருந்து ஒரு ஏழடி தள்ளி இருக்கு. ஆறு கால், ஒவ்வொண்ணுக்கும் நாலு போல்ட்.

ரசமட்டம் · மதியம் 1:24

இதுதாங்க. ஆறு கால், நாலு போல்ட், மொத்தம் 24 ஓட்டை தட்டோட்டுல.

போல்ட் நீளம் என்ன? காலுக்கு அடியில கான்கிரீட் பெடஸ்டல் (சின்ன மேடைக் கட்டை) இருக்கா, இல்ல தகடு நேரா தட்டோட்டு மேல உக்காந்திருக்கா?

கீழத்தெரு · மதியம் 1:31

நேரா தட்டோட்டு மேல. சுத்தி ஏதோ வெள்ளைப் பசை வெச்சிருந்தாங்க, இப்ப உரிஞ்சு வருது. நீளம் தெரியாது.

மண்பாண்டம் · மதியம் 2:05

உரிஞ்சு வர்றது சிலிக்கானா இருக்கும். தூசியும் ஈரமும் இருக்கிற மண் ஓட்டுல அது பிடிக்காது, அது மேல பெயிண்ட்டும் ஒட்டாது. அந்த இடத்துக்கு பாலியூரித்தேன் சீலண்ட்.

ஆனா நீளம்தான் பெரிய விஷயம். தட்டோடு முக்கால் இன்ச், பதிச்ச கலவை அரை இன்ச், சுருக்கி 3 இன்ச்: ஸ்லாப் தொடவே நாலேகால் இன்ச், அதாவது 108 மி.மீ. கடையில சாதாரணமா கிடைக்கிற ஆங்கர் போல்ட் 100 மி.மீ. அதைப் போட்டிருந்தா போல்ட் சுருக்கியைத்தான் பிடிச்சிருக்கு. ஒழுகல் ஒரு பக்கம். புயல் காத்துக்கு அந்த ஸ்டாண்டைத் தாங்க எதுவுமே இல்லைங்கிறது இன்னொரு பக்கம்.

ரசமட்டம் · மதியம் 2:40

முதல்ல உறுதி பண்ணிக்கோங்க, எந்தக் கால்னு. மாடி முழுக்கத் தண்ணி கட்டிச் சோதிக்க வேண்டாம். 100 சதுர அடியில 2 இன்ச் நிறுத்தினா 470 கிலோ, ஏற்கெனவே ஊறின தளம்.

மழை விட்டு மூணு நாலு நாள் வெயில் அடிக்கட்டும். சீலிங் வட்டத்தோட ஓரத்தைப் பென்சிலால கோடு போட்டு தேதி எழுதுங்க. ஒரு காலைச் சுத்தி, தகட்டுக்கு அரை அடி தள்ளி, களிமண்ணுல 2 இன்ச் உயர வரப்பு கட்டுங்க. தண்ணி ஊத்தி மட்டத்தைக் குறிங்க. நல்ல தட்டோட்டுல தண்ணி ரெண்டு மணி நேரத்துல லேசாத்தான் இறங்கும். போல்ட் வழியா போகுதுன்னா கண் முன்னாலயே குறையும். ஒரு காலுக்கு ஒரு நாள். ரெண்டை ஒரே நாள்ல சோதிச்சா எதுன்னு தெரியாது. வட்டத்துக்குப் பக்கத்துக் கால்ல ஆரம்பிச்சு தள்ளிப் போங்க.

புதுக்குடித்தனம் · மாலை 4:10

தண்ணியில மஞ்சள் கலந்தா சீலிங்ல கலர் தெரியுமே?

மண்பாண்டம் · மாலை 4:26

சுண்ணாம்பு பட்டா மஞ்சள் சிவந்துடும், அதுக்கு மேல மூணு இன்ச் ஜல்லி வடிகட்டிடும். கலர் வரலைங்கிறதை வெச்சு ஒழுகலைன்னு முடிவு பண்ணிடுவீங்க. வெறும் தண்ணியே போதும்.

ரெண்டாம்ஃபேஸ் · மாலை 5:00

ஸ்டாண்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. பகல்ல பேனல் வரிசையில 250, 300 வோல்ட் டிசி நிக்கும், இன்வெர்ட்டரை அணைச்சாலும் பேனல் அணையாது. கனெக்டரைச் சொந்தமா கழட்டாதீங்க, எர்த் பட்டையையும் தொடாதீங்க. மத்திய அரசோட சூர்யகர் சோலார் மானியத் திட்டத்துல போட்டதுன்னா பொருத்தினவங்களுக்கு அஞ்சு வருஷப் பராமரிப்புப் பொறுப்பு இருக்கு. எழுத்துல புகார் குடுங்க, போட்டோவோட.

கீழத்தெரு · நவம்பர் 19, இரவு 8:12

மூணாவது கால்ல ஊத்தின தண்ணி நாப்பது நிமிஷத்துல காணோம். சாயங்காலம் வட்டம் கோட்டைத் தாண்டி ஒரு விரல் வந்துடுச்சு. முதல் ரெண்டு கால்ல ஒண்ணும் ஆகலை. சோலார் ஆள் சனிக்கிழமை வர்றாங்களாம், "சீலண்ட் வெச்சுத் தர்றோம்"னு சொல்றாங்க. போதுமா?

மண்பாண்டம் · இரவு 8:50

போதாது. ஒரு போல்ட்டைக் கழட்டி அளக்கச் சொல்லுங்க. குட்டைன்னா ஆறு காலுக்கும் வேலை இருக்கு, ஒவ்வொரு காலா, ஒண்ணு முடிஞ்ச பிறகு அடுத்தது. ரெண்டு கால் ஒரே நேரத்துல தொங்கக் கூடாது.

காலைச் சுத்தி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தட்டோட்டையும் சுருக்கியையும் கட்டரால வெட்டி ஸ்லாப் வரைக்கும் எடுக்கணும். உளி சுத்தியல் போட்டா பக்கத்துத் தட்டோடு ஆடிடும். ஸ்லாப்ல 12 மி.மீ. கம்பிக்கு கெமிக்கல் ஆங்கர் (ஓட்டையில பசை விட்டுக் கம்பியைப் பிடிக்க வைக்கிறது), ஆழம் 70 மி.மீ., அதுக்கு மேல ட்ரில் இறங்கக் கூடாது. ஃபேன் பைப் எந்தப் பக்கம் ஓடுதுன்னு கீழ இருந்து பாத்துக் குறிச்சுட்டு ஓட்டை போடுங்க. ஓட்டைக்குள்ள தூசியை பிரஷ் விட்டு ஊதி எடுக்கலைன்னா பசை தூசியைத்தான் பிடிக்கும், காங்கிரீட்டைப் பிடிக்காது. ஈரமா இருந்தாலும் அப்படித்தான்.

அப்புறம் எஸ்பிஆர் லேடெக்ஸ் (பழசையும் புதுசையும் ஒட்ட வைக்கிற ரப்பர் பால்) ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு, பிரஷ்ல பூசுற பதத்துக்கு சிமெண்ட். இதை ஸ்லாப்லயும் வெட்டின ஓரத்துலயும் பூசி, பிசுபிசுப்பா இருக்கிறப்பவே 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் கொட்டணும். பூச்சு காஞ்சிட்டா ஒட்டுறதுக்குப் பதிலா பிரிச்சு விட்டுடும், அப்போ சுரண்டிட்டு மறுபடி பூசணும். பெடஸ்டல் தட்டோட்டுக்கு மேல எட்டு இன்ச்சாவது எழும்பட்டும், தலை நாலு பக்கமும் சரியணும். அடியில சுத்தி, பெடஸ்டலும் தரையும் சேர்ற மூலையில, 2 இன்ச் கோலா (சரிவான பூச்சு). ஏழு நாள் ஈரச்சாக்கு. நல்லா காஞ்ச பிறகு வெள்ளைமாடி சொன்ன கோட்டிங்கை ஃபைபர் வலையோட கோலா மேலயும் பெடஸ்டல்ல அரை அடி உயரத்துக்கும் அடிங்க. மழைநீர்க் குழாய்க்குப் போற வழியை எந்தப் பெடஸ்டலும் மறிக்காம பாத்துக்கோங்க.

காளவாய் · இரவு 9:15

வெட்டின இடத்துல பெடஸ்டலுக்கும் பழைய சுருக்கிக்கும் நடுவுல சந்து விழும். அங்க சிமெண்ட் அடைச்சா முதல் கோடையிலயே பிளக்கும். சுண்ணாம்பும் சன்னமான செங்கல் தூளும் போட்டு அடிச்சு அடைங்க. தட்டோட்டு இணைப்பையும் அதே கலவையில பாயிண்டிங் பண்ணுங்க.

மண்பாண்டம் · இரவு 9:20

இது சரி. அப்படியே செய்யுங்க.

கீழத்தெரு · டிசம்பர் 14, காலை 6:50

போல்ட் 100 மி.மீ.தான். ஆறு காலும் மாத்தியாச்சு, கம்பெனி செலவுலயே. ஃபேன் டப்பாவும் வயரும் புதுசு. பத்தாம் தேதி மழைக்கு வட்டம் பென்சில் கோட்டுக்கு உள்ளயே நிக்குது, ஓரம் வெளுக்க ஆரம்பிச்சிருக்கு. ட்ரிப் ஆகலை. சீலிங் பட்டி எப்போ அடிக்கலாம்?

ரசமட்டம் · காலை 7:15

மார்ச் வரைக்கும் விடுங்க. ஸ்லாப்ல ஏறின ஈரம் மேல வழியாவும் கீழ வழியாவும் மெதுவாத்தான் போகும். ஒரு அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி சீலிங்ல ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் வியர்வை கட்டாத அன்னிக்குத்தான் பட்டி. உப்பு பூத்திருந்தா காஞ்ச பிரஷ்ல தேய்ச்சு எடுங்க, தண்ணி விட்டுக் கழுவினா திரும்ப உள்ள போயிடும்.

புதுக்குடித்தனம் · காலை 11:40

எங்க வீட்டுலயும் இதே மாதிரி தகடு நேரா தரை மேல, ஆனா தட்டோடு இல்லை, கூலிங் டைல்ஸ். ஒழுகல் இன்னும் இல்லை. இப்பவே பெடஸ்டல் போடணுமா?

மண்பாண்டம் · மதியம் 12:03

டைலுக்கு அடியில என்ன, எத்தனை இன்ச்? போல்ட் எவ்வளவு நீளம்? தனி இழை போடுங்க, போட்டோவோட.