ஆடி மத்தியும் ஐப்பசி மத்தியும்

பெரியத்தை: புரட்டாசி முடிந்து ஐப்பசியில் மத்தி வாங்கியபோது அரைக்கிலோவுக்குப் பத்து மீன் நின்றது, இன்று அதே அரைக்கிலோவுக்குப் பதின்மூன்று நிற்கிறது. வளராத குஞ்சு மீனைத் தலையில் கட்டிவிட்டாரே என்று மீன்காரர்மேல் எனக்கு வருத்தம்.

தம்பி: அத்தை, அவரைக் குறை சொல்லும் முன் ஒரு மீனை வாயிலிருந்து வால் நுனி வரை அளந்து சொல்லுங்கள். மீனின் வயதை அறிய எடையைவிட நீளமே உதவும்.

பெரியத்தை: தையல் நாடாவில் 17 செ.மீ. காட்டுகிறது. அன்று வைத்த அதே எவர்சில்வர் தட்டில் வைத்தேன், அன்றுபோலவே வால் விளிம்பைத் தொடுகிறது கண்ணு.

தம்பி: அப்படியானால் அது குஞ்சு இல்லை அத்தை. மத்தி ஓராண்டில் ஏறத்தாழ 15 செ.மீ. வளர்ந்துவிடும், அதன் ஆயுளே சுமார் இரண்டரை ஆண்டுதான். ஆகவே உங்கள் தட்டில் இருப்பது ஒரு வயதைத் தாண்டிய, இனப்பெருக்கம் செய்யத்தக்க மீன். கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கவே தடை உண்டு.

ஏற்காடு மாமா: கத்தாழை மீனின் தலைக்குள் வெள்ளைக் கல் இருக்குமே, அதில் வயது தெரியும் என்கிறார்களே?

தம்பி: உண்மைதான் மாமா, அது செவிக்கல். 1899இல் ஜெர்மனியின் ரைபிஷ் ஒரு தட்டைமீனின் செவிக்கல்லில் ஆண்டு வளையங்களை எண்ணி வயது கணித்தார். குளிர்கடல் மீனில் குளிர்காலத்தில் வளர்ச்சி குறைவதால் வளையம் தெளிவாக விழும். நம் வெப்பக் கடலில் அவ்வளவு தெளிவு இராது என்பதால், மத்தி போன்ற மீன்களில் நாளுக்கு ஒன்றாகப் படியும் நுண்வரிகளை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள்.

பெரியத்தை: வயது சரி என்றால் எடை ஏன் குறைந்தது?

தம்பி: மீன் இளைத்திருக்கிறது அத்தை. கிராமில் எடையை நூறால் பெருக்கி, செ.மீ. நீளத்தின் கனத்தால், அதாவது 17 × 17 × 17 ஆல், வகுத்தால் உடல்நிலை தெரியும். ஐப்பசி மீன் 50 கிராம், கணக்கு 1.02 வருகிறது, இன்றைய மீன் சுமார் 38 கிராம், ஏறத்தாழ 0.78இல் நிற்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான் மத்தி முட்டையிடும். சேர்த்த கொழுப்பையெல்லாம் சினைக்குக் கொடுத்துவிடுவதால் ஆடியில் வற்றிவிடுகிறது. அதே பருவத்தில் அடிக்கடலின் சத்து நீர் மேலேறி மிதவை உயிரிகள் பெருக, அவற்றைத் தின்று ஐப்பசி, கார்த்திகையில் நெய் கட்டும். வயிற்றைக் கீறிப் பாருங்கள், குடலைச் சுற்றி மஞ்சள் கொழுப்பு இருக்கிறதா?

பெரியத்தை: இல்லை. சினைப்பை இருந்த இடத்தில் காற்றிறங்கிய பலூனைப்போலச் செக்கச்சிவந்த தோல் மட்டும் தொங்குகிறது. அன்று வறுத்தபோது கல்லில் நான் ஊற்றியதைவிட அதிகமாக எண்ணெய் மிதந்தது நினைவிருக்கிறது.

தம்பி: அதுதான் முட்டையிட்டு முடித்த மீன். அடுத்த முறை குடலை எடுத்தபின் நிறுத்துப் பாருங்கள்; நிறைசினை மீன் சினையின் கனத்தால் கொழுத்ததுபோல் ஏமாற்றும்.

பெரியத்தை: காலையில் மீன்காரரிடம் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன். நாளை போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வருகிறேன். இதை வறுக்காமல் புளி கூட்டிக் குழம்பாகவே வைத்துவிடுகிறேன்.