தக்காளி இலை மஞ்சள், காயின் அடி கறுப்பு: இன்னும் எந்த உரம் வாங்க வேண்டும்? அவசரம்

புதுத்தொட்டி:
வணக்கம். தக்காளிச் செடி நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது இலையெல்லாம் மஞ்சள், காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குகிறது. 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாகக் கலந்த உரம்), எப்சம் உப்பு, எலும்புத் தூள், கடல்பாசித் திரவம், பூ பெருக்கி என்று ஒரு பாட்டில், எல்லாம் போடுகிறேன். இன்னும் எது குறைகிறது? கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

செம்பருத்தி:
தரையா, தொட்டியா? மஞ்சளாவது கீழ் இலையா, கொழுந்தா? கீழ் இலை முழுக்க வெளிறினால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவாக இருக்கலாம். நரம்பு பச்சையாக நின்று இடையில் மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். அதே அடையாளம் கொழுந்தில் வந்தால் இரும்பு. படம் இருந்தால் போடுங்கள்.

எருவண்டி:
எப்சம் உப்பைக் கூட்டிப் போடுங்கள். தக்காளிக்கு அதை மிஞ்சி எதுவும் இல்லை. நான் எல்லாச் செடிக்கும் அதைத்தான் தெளிக்கிறேன்.

மண்வெட்டி:
வந்துவிட்டார் எப்சம் அன்பர். ஐயா, அது மக்னீசியம் சல்பேட். அடி அழுகல் வருவது காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால். மக்னீசியத்தைக் கொட்டினால் வேர் கால்சியத்தை எடுப்பது இன்னும் குறையும். இதை இங்கே எத்தனை தடவைதான் எழுதுவது? மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, ஒருவரும் தொடுவதில்லை.

மழைத்துளி:
கால்சியம்தான் குறை என்றால் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடலாமே? காசும் மிச்சம்.

செம்பருத்தி:
ஓடு கரைய மாதக்கணக்காகும். அமிலத்தன்மை இல்லாத மண்ணில் அதற்கும் மேல். இந்தக் காய்ப்புக்கு உதவாது. அடி அழுகலில் பெரும்பாலும் கோளாறு தண்ணீரில்தான். கால்சியம் நீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். நன்றாகக் காயவிட்டு அப்புறம் ஒரேயடியாக ஊற்றினால் காய்வரை போகாது. புதுத்தொட்டி, தண்ணீர் எப்படி விடுகிறீர்கள்?

மாடிக்காற்று:
என்ன கலவை என்றும் சொல்லுங்கள். கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) என்றால், சரியாகப் பதப்படுத்தாதது கால்சியத்தைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்ளும்.

புதுத்தொட்டி:
தொட்டிதான். கோகோபீட், மண்புழு உரம் பாதிக்குப் பாதி. தண்ணீர் ஞாபகம் வரும்போது. உரம் வாரம் இரண்டு தடவை, மாற்றி மாற்றி. கீழ் இலைதான் மஞ்சள், நுனி கருகியும் இருக்கிறது. கலவையின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, பூஞ்சையா? மருந்து வாங்க வேண்டுமா?

மண்வெட்டி:
இதையெல்லாம் முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பாதிப் பேருக்கு வேலை மிச்சம்.

செம்பருத்தி:
எதுவும் வாங்காதீர்கள். வெள்ளைப் படிவை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பஞ்சு மாதிரி இழை இழையாக வந்தால் பூஞ்சை, பொருபொருவென்று உதிர்ந்தால் உர உப்பு. நுனி கருகியிருப்பதைப் பார்த்தால் உப்பு என்றே தோன்றுகிறது. வேரைச் சுற்றி உப்பு ஏறிவிட்டால், ஈரம் இருந்தும் வேரால் நீரை இழுக்க முடியாது. எல்லா உரத்தையும் நிறுத்துங்கள். படிவை வழித்து எறிந்துவிட்டு, தொட்டி கொள்ளும் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி அடி ஓட்டை வழியே வடியவிடுங்கள். தட்டில் தேங்குவதை உடனே கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் உப்பு மறுபடி மேலே ஏறும். அப்புறம் விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே சருகு மூடாக்கு போட்டால் ஈரம் ஒரே சீராக நிற்கும்.

எருவண்டி:
இதற்குத்தான் ரசாயனமே வேண்டாம் என்கிறேன். இயற்கை உரம் மட்டும் போட்டால் இந்த வம்பே இல்லை.

மண்வெட்டி:
உங்கள் எப்சம் எந்த மரத்தில் காய்க்கிறது? வேர் தழைச்சத்தைப் பெரும்பாலும் நைட்ரேட்டாகவோ அம்மோனியமாகவோதான் எடுக்கிறது. யூரியாவிலிருந்து வந்ததா, எருவிலிருந்து வந்ததா என்று அதற்குக் கவலையில்லை.

மாடிக்காற்று:
வேருக்குக் கவலையில்லை, சரி. மண்ணுக்கு? மட்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும், மண்ணைப் பொலபொலப்பாக்கும். மூட்டை உரம் அதைச் செய்யாது. தரையில் செடி வைத்திருப்பவர் வருடா வருடம் மட்கு பரப்பி வந்தால் கடைப்பக்கமே போக வேண்டியதில்லை.

மண்வெட்டி:
தரைக்குச் சரி. இங்கே பேச்சு தொட்டியைப் பற்றி. ஒவ்வொரு தடவை நீர் வடியும்போதும் சத்தும் சேர்ந்து வடிகிறது. மண்புழு உரத்தில் தழைச்சத்து 1 முதல் 2 சதவீதம்தான். காய்க்கிற செடிக்கு அது எத்தனை நாள் வரும்? வெளியிலிருந்து ஏதாவது ஒன்று கொடுத்தே ஆக வேண்டும். ஒன்று. ஐந்து இல்லை.

மாடிக்காற்று:
வீட்டு மட்கையே அவ்வப்போது மேலே போடலாம். அதுவும் வெளியிலிருந்து வருவதுதானே? எல்லாவற்றுக்கும் பொட்டலமா?

மழைத்துளி:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. அந்தப் பூ பெருக்கி உண்மையிலேயே பூக்கவைக்குமா?

செம்பருத்தி:
அந்த வகை பாட்டில்களில் பெரும்பாலும் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ்தான் தூக்கலாக இருக்கும். எலும்புத் தூளும் மணிச்சத்துதான். மிஞ்சிப் போனால் செடி இரும்பையும் துத்தநாகத்தையும் எடுப்பது தடைபடும், வேரோடு ஒட்டி வாழும் நல்ல பூஞ்சையும் குறையும். மண்ணைச் சோதித்துக் குறை தெரிந்தால் ஒழிய அதை வாங்குவது வீண்.

புதுத்தொட்டி:
சுரண்டினால் உதிர்கிறது, உப்புதான். தண்ணீர் விட்டு அலசினேன், முதலில் பழுப்பாக வடிந்து அப்புறம் தெளிந்தது. இப்போது புதுக் கொழுந்து பச்சையாக வருகிறது. மஞ்சள் இலையும் கறுத்த காயும் அப்படியே இருக்கின்றன. நன்றி.

செம்பருத்தி:
கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள். தண்ணீர் சீரான பிறகும் புதுக் காய் கறுத்தால் கால்சியம் நைட்ரேட் பற்றி யோசிக்கலாம். உரம் மறுபடி தொடங்கும்போது 19:19:19 மட்டும், பொட்டலத்தில் போட்டிருப்பதில் பாதி அளவு.

எருவண்டி:
மிச்சமிருக்கும் எப்சம் உப்பை என்ன செய்வதாம்?

மண்வெட்டி:
வெந்நீரில் போட்டுக் காலை ஊறவைக்கச் சொல்லுங்கள்.