பதில்: மீத்தேன் 'ப்ளூம்' – தமிழில் என்ன?

> 'மீத்தேன் புகைத்திரள்' போதாதா?

வணக்கம் ஐயா,

செயற்கைக்கோள் படங்களில், ஓரிடத்திலிருந்து காற்றோடு பரவிப் போவதாகத் தெரியும் மீத்தேனை ஆங்கிலத்தில் 'ப்ளூம்' (plume) என்கிறார்கள். அதற்குப் 'புகைத்திரள்' போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. புகை என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மீத்தேனுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. எரிவாயு வயலில் மிஞ்சும் வாயுவை உயரக் குழாய் நுனியில் கொளுத்திவிடுவார்கள். அங்கே தீ தெரியும், சில சமயம் புகையும் தெரியும். ஆனால் மீத்தேனில் பெரும்பகுதி கரியமில வாயுவாக மாறிவிடும். தீ அணைந்துபோனால்தான் மீத்தேன் அப்படியே வெளியே போகிறது. அப்போது பார்க்க ஒன்றுமே இருக்காது. அதற்குப் போய் 'புகை' என்று பேர் வைக்கலாமா?

செயற்கைக்கோள் பார்ப்பது தரையில் பட்டுத் திரும்பும் வெயிலை. அதில் சில அகச்சிவப்பு அலைநீளங்களை மீத்தேன் விழுங்கிவிடும். ட்ரோபோமி என்ற செயற்கைக்கோள் கருவி 2.3 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிப் பார்க்கிறது. எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணக்கிட்டுப் படமாக்கினால், ஓரிடத்தில் குறுகலாகத் தொடங்கி, காற்று போகும் பக்கம் விரிந்துகொண்டே போகும் உருவம் கிடைக்கும். மயில் தோகைதான். 'மீத்தேன் தோகை' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. (கரும்புக்காரர்களுக்குத் தோகை என்றால் வேறு. பாதகமில்லை.)

> 'கசிவு' என்றே சொன்னால் என்ன?

கசிவு நடப்பது வால்விலோ குழாயிலோ. மணிக்கு இத்தனை கிலோ என்பது உமிழ்வு வீதம். படத்தில் தெரிவது தோகை. மூன்றையும் ஒன்றாக்கினால் குழப்பம்தான். 2019 ஜனவரியில் கனடாவின் ஜிஎச்ஜிசாட் நிறுவனத்தின் 'கிளேர்' செயற்கைக்கோள், துர்க்மெனிஸ்தானின் மேற்கில் ஒரு சேற்று எரிமலையைப் பார்க்கப் போனது. படத்தில் மீத்தேன் இருந்தது. ஆனால் தோகையின் அடி எரிமலையில் இல்லை, பக்கத்தில் கோர்பெஜே எரிவாயு வயலின் நிலையத்தில் இருந்தது. ஆகவே 'தோகையடி' என்ற சொல்லும் கூடவே கிடைக்கிறது, மூல இடத்துக்கு. தோகையிலிருந்து உமிழ்வு வீதத்துக்குப் போகக் காற்றின் வேகம் வேண்டும். அதில் பிழை வந்தால் வீதத்திலும் பிழை வரும்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். ட்ரோபோமியின் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 5.5 × 7 கிலோமீட்டர். அமெரிக்காவின் பெர்மியன் படுகை போல எண்ணற்ற எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் தனித்தனித் தோகைகள் பிரியாது, எல்லாம் கலந்துவிடும். 2018–19 தரவுகளை வைத்து, அங்கே எடுக்கும் எரிவாயுவில் சுமார் 3.7 விழுக்காடு காற்றில் போகிறது என்று கணித்தார்களே, அது தோகையை எண்ணி வந்த கணக்கு இல்லை. அப்படிக் கலந்து, சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலாகத் தெரியும் மீத்தேனுக்கு 'மிகைச்செறிவு' என்று எழுதலாம்.

அப்புறம், 'பியூஜிட்டிவ் எமிஷன்' (குழாய், வால்வு போன்றவற்றில் நாம் நினைக்காமலே கசிந்து போகும் வாயு) என்பதற்கு யாரோ 'தப்பியோடிய உமிழ்வு' என்று எழுதியிருந்தார்கள். போலீசு துரத்துகிற மாதிரி இருக்கிறது! 'ஒழுகல் உமிழ்வு' சரியாக வருமா? இதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. வேறு தோன்றினால் எழுதுங்கள்.