சசாகியின் ஃபாஸ்ட்பாலுக்குக் கட்டுப்பாடு உண்டா?

ஜாலஹள்ளி: அமெரிக்க பேஸ்பால் அணியான டாட்ஜர்ஸின் ஜப்பானியப் பந்துவீச்சாளர் ரோகி சசாகிக்கு, மட்டைக்கு அருகே சட்டென்று கீழே இறங்கும் ஸ்ப்ளிட்டர் பந்து ஒன்றுதான் சோறு போடுகிறது, முழு வேகத்தில் நேராக வீசும் ஃபாஸ்ட்பாலை நினைத்த இடத்தில் போட அவருக்கு வராது என்று அல்சூர்வாசி நேற்று எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. 2022 ஏப்ரல் 10 அன்று, 20 வயதில், ஓரிக்ஸ் அணியின் 27 பேரையும் முதல் பேஸைத் தொடவிடாமல் திருப்பி அனுப்பியவர் அவர். அதில் 19 ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்ஸ்மேன் வெளியேறுவது), தொடர்ச்சியாக 13. கட்டுப்பாடில்லாத கைக்கு இது நடக்குமா?

அல்சூர்வாசி: அது ஜப்பான் லீக், ஐயா. 2025 மார்ச் 19 அன்று டோக்கியோவில், கப்ஸ் அணிக்கு எதிரான தன் முதல் மேஜர் லீக் ஆட்டத்தில், 3 இன்னிங்ஸில் (ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்) 5 வாக் கொடுத்தார்; அதாவது நான்கு பந்துகள் எல்லைக்கு வெளியே போனதால் பேட்ஸ்மேனுக்கு முதல் பேஸை இலவசமாகத் தருவது. மூன்றாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அதில் ஒரு வாக்கைக் கொடுத்து, எல்லாரும் ஒரு பேஸ் நகர, ஒரு ரன்னைத் தாரை வார்த்தார். கேட்சர் வெளியோரத்தில் கையுறையை நீட்டிக் காத்திருக்க, பந்து மார்புயரத்துக்குப் போனால், அது 160 கிலோமீட்டரில் வந்தால்தான் என்ன, எந்த பேட்ஸ்மேன் மட்டையைச் சுழற்றுவார்?

ஒயிட்ஃபீல்டு: அதே இன்னிங்ஸில் அடுத்த இருவரையும் ஸ்டிரைக் அவுட் செய்ததை ஏன் விட்டுவிட்டீர்கள், அண்ணா? ஜப்பானியப் பந்து சற்றுச் சிறியது, விரலில் ஒட்டும். அமெரிக்கப் பந்து வழுக்கும்.

அல்சூர்வாசி: முந்தைய நாள் அதே மைதானத்தில், அதே வழுக்கும் பந்தில், டாட்ஜர்ஸின் இன்னொரு ஜப்பானியரான யமமோட்டோ 5 இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு வாக் கொடுத்தார். இவர் 3 இன்னிங்ஸில் 5.

ஒயிட்ஃபீல்டு: யமமோட்டோ அதற்குமுன் ஓராண்டு அமெரிக்காவில் ஆடிக் கை பழகியவர். இருவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமே இல்லை.

கோரமங்களா: ஸ்லைடரைப் பற்றி யாருமே பேசவில்லையே? ஃபாஸ்ட்பால் ஸ்டிரைக்காக, அதாவது அடிக்கும் எல்லைக்குள், விழாதபோது, முறித்து வரும் ஸ்லைடரைத் தொடாமல் விட்டுவிடலாம் என்று பேட்ஸ்மேனுக்குத் தெரிந்துவிடுகிறது. கோளாறு அங்கேதான்.

அல்சூர்வாசி: நான் சொல்வதையேதான் நீங்களும் சொல்கிறீர்கள். 5 வாக்.

ஜாலஹள்ளி: வேகமாக வீசும் இளைஞர் யாரைக் கண்டாலும் உங்களுக்கு ஆகாது. 2024 ஏப்ரலில் ஐபிஎல் கிரிக்கெட்டில், நம் சின்னசாமி மைதானத்தில் லக்னோ அணியின் மயங்க் யாதவ் 156.7 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, 14 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்த இரவிலும், "லைன் இல்லை" என்று எழுதியவர் நீங்கள். ஆர்சிபி தோற்ற ஆத்திரத்தை அந்தப் பையன் மேல் காட்டியதை நான் மறக்கவில்லை.

அல்சூர்வாசி: ஆர்சிபியை இதில் இழுக்காதீர்கள். மயங்க் அடுத்த ஆட்டத்திலேயே ஒரு ஓவரோடு காயப்பட்டு வெளியேறினார். சசாகியும் 2025 மே மாதம் தோள்பட்டைக் கோளாறால் உட்கார்ந்தார். அந்த சீசன் முழுவதும் 28 ஸ்டிரைக் அவுட்டுக்கு 22 வாக். டோக்கியோவில் தொடங்கியது அப்படியே நீடித்தது.

ஒயிட்ஃபீல்டு: காயத்தையும் கட்டுப்பாட்டையும் குழப்புகிறீர்கள்.

ஜாலஹள்ளி: அக்டோபரில் பில்லீஸ் அணிக்கு எதிராக, 8 முதல் 10 வரையிலான இன்னிங்ஸ்களில் 9 பேரைச் சந்தித்து ஒருவரைக்கூட பேஸில் ஏறவிடவில்லை. அதுவும் 3 இன்னிங்ஸ்தான். அதில் எத்தனை வாக் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

அல்சூர்வாசி: அந்த 9 பேரும் அன்று அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தார்கள். முதல் இன்னிங்ஸிலிருந்து வீசுகிறவர் அதே வரிசையை இரண்டு, மூன்று முறை சந்திக்க வேண்டும். அதை அவர் செய்துகாட்டட்டும்; அதுவரை டோக்கியோவில் கொடுத்த 5 வாக்கை நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

ஜாலஹள்ளி: சொல்லுங்கள். பில்லீஸ் ஆட்டத்தை நானும் விடப்போவதில்லை.