பத்து வயது மகன் முதன்முறையாக மலை முகாமுக்குப் போகிறான்: என்ன பயிற்சி, எவ்வளவு?

பெரம்பூர் அம்மா:
அனைவருக்கும் வணக்கம். மே மாதம் கொல்லிமலையில் ஐந்து நாள் சாகச முகாம். கூடாரத்தில் தங்குவது, கயிறு கட்டிப் பாறை ஏறுவது, ஆகாய கங்கை அருவிக்கு நடந்து போவது என்று நிகழ்ச்சி நிரல் அனுப்பியிருக்கிறார்கள். மகனுக்குப் பத்து வயது. எங்களை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. பணம் கட்டிவிட்டோம், அவனும் ஆசையோடு காத்திருக்கிறான். இப்போதிலிருந்தே தினமும் விடியற்காலையில் அவனை ஓடவிட வேண்டும், பையைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறவிட வேண்டும் என்கிறார் கணவர். குழந்தை விளையாடப் போகிறானா, பட்டாளத்துக்குப் போகிறானா என்று மாமியார் கோபப்படுகிறார். பிள்ளைகளை அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய சாரணர், தாம்பரம்:
சகோதரி, உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. ஓட்டம் வேண்டாம், ஏற்றம் வேண்டும். ஆகாய கங்கைக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. இறங்கும்போது எல்லாப் பிள்ளைகளும் துள்ளிக்கொண்டுதான் போவார்கள். திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் கெஞ்சும். சமதரையில் வளரும் சென்னைப் பிள்ளைக்கு இது புதிது. வாரத்தில் இரண்டு மாலை பரங்கிமலைப் படிகளில் ஏறி இறங்கட்டும், முகாமுக்குப் போடப்போகும் அதே காலணியோடு. கடையில் வாங்கிய புதுக் காலணியை முகாமில்தான் முதலில் போடுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாளே குதிகாலில் கொப்புளம் வந்தால் மீதி நாள்களெல்லாம் பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பையை அவனே அடுக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அம்மா அடுக்கிய பையில் டார்ச் எந்த மூலையில் இருக்கிறது என்று இருட்டில் பிள்ளைக்குத் தெரியாது. ஒரு முறை அடுக்கி, பிரித்து, விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சையும் மழைச்சட்டையையும் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது. பள்ளிப் பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020 கொள்கை. முப்பது கிலோ பிள்ளைக்கு மூன்று கிலோ. தோளில் போட்டு நடக்கும் பைக்கும் அதே அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் ஓரிரவாவது சித்தி வீட்டிலோ அத்தை வீட்டிலோ உங்கள் துணையின்றித் தூங்கட்டும்.

வேளச்சேரி தந்தை:
நான் இதை மறுக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை நாள் முழுதும் ஓடுகிற உயிர். அவனைப் படியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவனை அழைத்துப் போகிறவர்கள் யார் என்று பெற்றோர் விசாரிக்க வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து போன குழுவும் அதில் இருந்தது. மலை ஏறத் தெரியாத குறையாலா இறந்தார்கள்? கோடைத் தீ பரவும் காலத்தில், அனுமதி பெறாத பாதையில் நடத்திச் செல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளே வந்தன.

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றதை மறந்துவிட்டோமா? மேலே மலையில் மழை பெய்தால், கீழே குளிக்கிறவனுக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் புரண்டு வரும். அதை எந்தப் பிள்ளையும் முன்கூட்டி அறிய முடியாது. அருவியில் இறக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அறிய வேண்டும்.

ஆகவே அம்மா, முகாம் நடத்துகிறவர்களிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா, நடைப்பாதைக்கு வனத்துறை அனுமதி உண்டா, பாறை ஏறும்போது கயிற்றைப் பிடிப்பவருக்கு என்ன பயிற்சி, இரவில் கூடாரங்களுக்குப் பக்கத்தில் எத்தனை பெரியவர்கள் விழித்திருப்பார்கள், பாம்புக்கடி மருந்து இருக்கும் அருகிலுள்ள மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம், வண்டி எப்போதும் நிற்குமா. இதற்குத் தயங்குகிற இடத்துக்குக் கட்டிய பணம் போனாலும் அனுப்ப மாட்டேன்.

மயிலாப்பூர் தாத்தா:
இருவரும் ஒரு பெரிய கேள்வியைத் தாண்டிப் போகிறீர்கள். பிள்ளைக்கு இந்த முகாம் எதற்கு? கோடை விடுமுறை என்றால் ஊருக்குப் போவோம். கிணற்றில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தக் கற்றோம், மாமரம் ஏறினோம், இருட்டில் வயல் வரப்பில் நடந்தோம். அங்கே ஊர் முழுவதும் நம் பிள்ளையைத் தெரிந்த கண்கள் இருந்தன. முன்பின் தெரியாதவர்களிடம் பணம் கொடுத்து ஐந்து நாளில் துணிச்சலை வாங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. திருவண்ணாமலைப் பக்கம் உறவினர் வீடு இருந்தால் ஒரு மாதம் அங்கே விடுங்கள், அம்மா.

பெரம்பூர் அம்மா:
ஐயா, உங்கள் மனம் புரிகிறது. ஆனால் எங்கள் ஊர் வீட்டை விற்றுப் பல காலம் ஆகிறது. அங்கே இருந்த கிணறும் தூர்ந்துவிட்டது. மே மாதம் முழுக்க அவன் வீட்டுக்குள் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் இந்த முகாமைத் தேடினோம்.

வேளச்சேரி தந்தை:
தாத்தா, அந்தக் கிணறுகளில் மூழ்கி இறந்த பிள்ளைகளும் உண்டு. என் தந்தையின் தம்பி அப்படித்தான் போனார். ஊர்க் கண்கள் எல்லா நேரமும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

மயிலாப்பூர் தாத்தா:
வருந்துகிறேன், தம்பி. அதை மறுக்கவில்லை. நீச்சல் தெரியாமல் தண்ணீர்ப் பக்கம் விடக் கூடாது என்பதில் நாம் ஒன்றுதான். இந்த அம்மா அனுப்புவதென்றே முடிவு செய்தால், வேளச்சேரி நீச்சல் வளாகத்திலோ மெரினா நீச்சல் குளத்திலோ இப்போதே சேர்க்கட்டும்.

குழந்தைகள் நலச் செவிலியர், எழும்பூர்:
நீச்சல் கற்பது நல்லது. ஆனால் குளத்தில் நீந்தத் தெரிந்த பிள்ளைதான் அருவித் தடாகத்தில் துணிந்து குதிப்பான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். குளத்தின் ஆழம் சுவரில் எழுதியிருக்கும். தடாகத்தின் பாறை வெளியே தெரியாது.

எங்கள் பிரிவில் மே மாதத்தில் நான் அதிகம் பார்ப்பது வெயிலால் துவண்ட பிள்ளைகளை. பகலெல்லாம் குளிர்பதன அறையில் இருந்த உடலை ஒரே நாளில் வெயிலில் நிறுத்தக் கூடாது. வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தேவை. பழகிய உடல் சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், உப்பையும் குறைவாக இழக்கும். கணவர் சொல்லும் விடியற்காலை ஓட்டத்தால் இந்தப் பழக்கம் வராது. மாலை நாலரை மணிக்குமேல் தெருவில் பந்து விளையாடட்டும், நாள்தோறும் சிறிது நேரம் கூட்டுங்கள். கத்திரி வெயிலின் உச்சி நேரத்தில் மட்டும் வேண்டாம். கொல்லிமலை உயரத்தில் காற்று இதமாக இருக்கும், அதனாலேயே தாகம் தெரியாது. தலைவலி, குமட்டல், அடர் மஞ்சள் சிறுநீர் மூன்றில் எது வந்தாலும் உடனே பெரியவரிடம் சொல்லக் கற்றுக்கொடுங்கள். பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பெரிய பொட்டலம் முழுவதையும் கலக்க வேண்டும் என்று செய்து காட்டுங்கள். பாதிப் பாதியாகக் கலந்தால் அளவு தவறும். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் அதற்கு மாற்றல்ல, அவற்றில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் பயன்படுத்த 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது.

பத்து வயதில் போட வேண்டிய டி.டி. (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) தடுப்பூசி ஆகிவிட்டதா என்று அட்டையைப் பாருங்கள். பேருந்து போகும் மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறுமுன் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம், முன் இருக்கை கேளுங்கள். மூச்சிழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையென்றால் மருந்துக் கருவியைத் தானே பயன்படுத்தத் தெரிய வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்று எழுதிய தாளை முகாமில் பொறுப்பாளர் கையில் கொடுங்கள். பெண் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் இதைப் படித்தால் ஒரு சொல்: பத்து, பதினொரு வயதில் முதல் மாதவிடாய் முகாமில் வரக்கூடும். முன்பே பேசி, அணையாடையும் கொடுத்தனுப்புங்கள். தெரியாமல் போகும் பிள்ளை தனக்குக் காயம் பட்டுவிட்டது என்றே பயந்து மறைத்துவிடுவாள்.

பாம்பைப் பற்றி: இரவில் டார்ச் இல்லாமல் கூடாரத்துக்கு வெளியே கால் வைக்கக் கூடாது, காலையில் காலணியைத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும். கடித்தால் கட்டுப்போடவோ கீறவோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். முடிந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்கு அழைத்துப் போங்கள். அங்கே, 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் விஷமுறிவு மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டால் பிள்ளைக்கு அச்சம் போய்க் கவனம் வரும்.

பழைய சாரணர், தாம்பரம்:
செவிலியர் சொன்ன ஒவ்வொன்றும் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியவைதானே? பயிற்சி வேண்டாம் என்ற நண்பர் இதற்கு என்ன சொல்வார்? நடத்துகிறவர் எவ்வளவு நல்லவராயினும் நூறு கண் கிடையாது. அவர் பார்க்காத அந்த நிமிடத்தில் பிள்ளைக்குத் தெரிந்ததுதான் துணை.

வேளச்சேரி தந்தை:
கற்றுக்கொடுங்கள், தடுக்கவில்லை. அந்த நிமிடத்தின் பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளை தலையில் வைக்காதீர்கள் என்கிறேன். நாம் ஒத்திகை நடத்தி நடத்தி, ஏதாவது ஆனால் அவன் கவனமாக இல்லை என்று சொல்லும் இடத்துக்கு வந்துவிடுவோம். என் மகளுக்கு நான் கற்றுக்கொடுத்தது ஒன்றைத்தான்: “வேண்டாம்” என்று உரக்கச் சொல்வது. பாறையின் பாதியில் பயம் வந்தால் வேண்டாம். கயிறு இறுக்கமாக இல்லை என்று தோன்றினால் வேண்டாம். உடம்பை யாராவது தொட்டது பிடிக்கவில்லை என்றால் வேண்டாம், உடனே இன்னொரு பெரியவரிடம் ஓடு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்திருக்கிறாள்.

பழைய சாரணர், தாம்பரம்:
கடைசியில் சொன்னதை எல்லாப் பெற்றோரும் இன்றே செய்ய வேண்டும். பாறை விஷயத்தில் உடன்பட மாட்டேன். முதல் தயக்கத்திலேயே இறக்கிவிட்டால் எந்தப் பிள்ளையும் ஏறாது. கயிற்றில் தொங்கி அழுத பிள்ளைகள் அரை மணி கழித்து இன்னொரு முறை ஏறக் கேட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வேளச்சேரி தந்தை:
அழுதும் கட்டாயப்படுத்தப்பட்டு, அதன் பிறகு எந்த உயரத்தையும் நெருங்காத பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகள் நலச் செவிலியர், எழும்பூர்:
ஒரு முறை தயங்கினால் பேசித் தைரியம் சொல்லலாம். இரண்டாம் முறை வேண்டாம் என்றால் இறக்கிவிட வேண்டும். மற்ற பிள்ளைகள் முன்னால் கேலி கூடாது. முகாமில் இதுதான் வழக்கமா என்று கேளுங்கள்.

பெரம்பூர் அம்மா:
கைப்பேசி அனுமதி இல்லை என்கிறார்கள். இரண்டாம் நாள் மாலை ஒரு முறை பேசலாமாம். இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பழைய சாரணர், தாம்பரம்:
அது நல்ல விதி, சகோதரி. முதல் இரவு அழுவார்கள். அந்த நேரம் அம்மாவின் குரலைக் கேட்டால் அழுகை அடங்காது, கூடும். மறுநாள் காலையில் அடுப்பு மூட்டும் வேலை கொடுத்தால் சரியாகிவிடுவான். “முடியவில்லை என்றால் வந்து கூட்டிப்போகிறேன்” என்று மட்டும் புறப்படும்போது சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் நீங்களே நம்பவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

வேளச்சேரி தந்தை:
இங்கேதான் முழுதாக எதிர்க்கிறேன். பிள்ளை கேட்டால் எந்த நேரமும் பெற்றோரிடம் பேசவைக்க வேண்டும். அழுகைக்குக் காரணம் வீட்டு நினைவா, வேறு ஏதாவது நடந்ததா என்று முன்பின் தெரியாதவர் எப்படித் தீர்மானிப்பார்? அப்பா வருவார் என்ற உறுதியோடு போகிற பிள்ளைதான் ஐந்து நாளும் தங்கும்.

மயிலாப்பூர் தாத்தா:
இதில் தம்பி பக்கம் நிற்கிறேன். பேத்தியை நான் அனுப்ப மாட்டேன், ஆனால் அனுப்புகிறவர்கள் இந்த ஒன்றை விட்டுக்கொடுக்கக் கூடாது.

பெரம்பூர் அம்மா:
நன்றி. முகாம் பொறுப்பாளரிடம் இன்று பேசினேன். வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகல் அனுப்பிவிட்டார். பிள்ளை கேட்டால் பேசவைப்பது பற்றி மற்ற பயிற்றுநர்களிடம் கலந்துவிட்டு வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொன்னார். அதற்கு மறுப்பு வந்தால் அனுப்பப்போவதில்லை, கணவரும் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை இரவு அவன் கொளத்தூரில் சித்தி வீட்டில் தங்குகிறான். பரங்கிமலைக்கு மாமியாரும் உடன் வருகிறேன் என்கிறார். செவிலியர் சகோதரி, அவனுக்குப் பேருந்தில் வாந்தி வரும். மாத்திரை கொடுக்கலாமா?

குழந்தைகள் நலச் செவிலியர், எழும்பூர்:
எடைக்கேற்ற அளவை உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். பேருந்திலிருந்து இறங்கியதும் நேரே பாறை ஏறுதல் என்று நிரலில் இருந்தால் அதை மறுநாளுக்கு மாற்றச் சொல்லுங்கள்.