72 மணி நேரம் தண்ணீர் தாங்கும் லேமினேட்: நம்பிப் போடலாமா?

மாடிவீடு:
சென்னையில் இரண்டாம் மாடி ஃபிளாட். படுக்கையறை 120 சதுர அடி, பழைய மொசைக் தரை. உடைத்து டைல்ஸ் போட்டால் தூசி, சத்தம், கீழ்வீட்டுக்காரரோடு சண்டை. கடையில், பழைய தரையின் மேலேயே விரிக்கிற லேமினேட் பலகையில் புதிதாக வந்த ஒரு வரிசையைக் காட்டினார்கள். 12 மி.மீ. கனம், ஏசி4 என்ற தரக்குறியீடு, "72 மணி நேரம் தண்ணீர் தாங்கும்" என்று அட்டையில் போட்டிருக்கிறது. அந்தத் தேக்கு நிறம் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. போடலாமா?

தச்சன்மகன்:
வேண்டாம் சார். நீங்கள் பார்த்தது தேக்கு இல்லை, தேக்கின் படம். காகிதத்தில் அச்சடித்து மேலே மெலமைன் பூச்சு கொடுத்திருப்பார்கள். உள்ளே இருப்பது எச்டிஎஃப், மர நாரையும் பிசினையும் அழுத்திச் செய்த பலகை. அந்த 72 மணி நேரம் மேலே கொட்டிய தண்ணீருக்குத்தான். நம் வீட்டில் தண்ணீர் மேலிருந்து மட்டுமா வருகிறது? பாத்ரூம் வாசல், ஏசி குழாய் அடைத்துச் சுவரில் வழிவது, ஐப்பசி மழையில் ஜன்னலோரம். ஓரமாக உள்ளே போய் அடியில் தங்கினால் பலகை ஊறி உப்பும். உப்பினது பழையபடி அமராது. இழைத்துச் சரிசெய்யலாம் என்றால் படமே போய்விடும்.

வெள்ளைத்தாமரை:
அண்ணா, நீங்கள் பழைய சரக்கை வைத்துப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் 2018இல் சாதாரண 8 மி.மீ. போட்டோம். பையனின் சக்கர நாற்காலி தினமும் உருளுகிறது, ஒரு கீறல் இல்லை. மாமியாருக்கு மூட்டுவலி, மார்கழியில் டைல்ஸில் கால் வைக்கவே யோசிப்பார், இதில் அந்தத் தொல்லை இல்லை. இவர் பார்த்தது ஏசி4 வேறு.

தச்சன்மகன்:
ஏசி4 என்பது தேய்மானக் கணக்கும்மா. வீட்டுக்கு ஏசி3யே போதும். தண்ணீருக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை, கடைக்காரர்தான் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வார். சந்தேகம் இருந்தால் மாதிரித் துண்டை வாங்கி ஒரு நாள் வாளியில் போட்டுப் பாருங்கள்.

மாடிவீடு:
போட்டுப் பார்த்தேன். மேல்பக்கம் அப்படியே இருக்கிறது. கம்பெனியில் மூட்டு வெட்டி மெழுகு தடவிய பக்கமும் பரவாயில்லை. ரம்பத்தில் அறுத்த பக்கம் மட்டும் விரல் வைத்தாலே தெரிகிற அளவு தடித்துவிட்டது.

வெள்ளைத்தாமரை:
இது அநியாயமான சோதனை. தரையை யார் வாளியில் முக்குகிறார்கள்? போட்ட பிறகு அறுத்த பக்கம் வெளியே தெரியவே தெரியாது.

தச்சன்மகன்:
தெரியாது, ஆனால் இருக்கும். ஒவ்வொரு வரிசையும் சுவரில் முடிகிற இடத்தில் அறுத்துத்தானே ஆக வேண்டும்? பாத்ரூம் நிலைப்படியை ஒட்டி வருவதும் அறுத்த பக்கம்தான்.

லெவல்மட்டம்:
நான் இந்த வேலைதான் செய்கிறேன். இருவர் சொல்வதிலும் பாதி சரி. கெட்டுப்போன தரைகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் போட்ட விதத்தால் கெட்டவை. பெட்டிகளை அந்த அறையிலேயே 48 மணி நேரம் படுக்க வைக்க வேண்டும். சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் ஈரக்காற்றில் பலகை விரிந்து நடுவில் கூடாரம் போலத் தூக்கும். மொசைக் 2 மீட்டருக்கு 3 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கமாக இருந்தால் முதலில் சமன் செய்யுங்கள், இல்லையென்றால் நடக்கும்போது மூட்டு அசைந்து விட்டுவிடும். பாத்ரூம் வாசலில் மட்டும் அந்த இடைவெளியைச் சிலிக்கான் வைத்து அடையுங்கள். அது ரப்பர் மாதிரி இழுபடும், பலகை விரியவும் இடம் கொடுக்கும். தரைத்தளம் என்றால் நானே வேண்டாம் என்றிருப்பேன், கரையான் வேறு. தண்ணீர்ப் பயம் போகவில்லை என்றால் எஸ்பிசி என்ற இன்னொரு வகைப் பலகையைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்தது, ஊறாது. ஆனால் மெல்லிசு, அடித்தரையின் மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். நேர் வெயில் விழுகிற ஜன்னல் பக்கம் யோசித்துப் போடுங்கள்.

வெள்ளைத்தாமரை:
இதைத்தானே நானும் சொல்கிறேன், ஒழுங்காகப் போட்டால் நிற்கும். துடைக்கும்போது துணியை நன்றாகப் பிழிந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

தச்சன்மகன்:
அந்த "அவ்வளவுதான்" எத்தனை வீட்டில் நடக்கும்?

மாடிவீடு:
நேற்று வேலைக்கு வரும் அக்காவிடம் கேட்டேன், இனிமேல் பிழிந்த துணியால் மட்டும் துடைக்க முடியுமா என்று. "வாளித் தண்ணி ஊத்தாம எப்படி தம்பி அழுக்கு போகும்?" என்றார். இப்போது வாளியில் எஸ்பிசி துண்டு கிடக்கிறது.