பனோரமாவில் மலை ஒட்டுகிறது, கைப்பிடிக் கம்பி மட்டும் உடைகிறது

முக்காலியற்றவன்:
வணக்கம். பால்கனியில் நின்று எதிரே தெரியும் மலைத்தொடரை, ஒட்டி ஒரே அகலப் படமாக்க (பனோரமா), இடமிருந்து வலமாகப் பல படங்களாக எடுத்தேன். 24 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமரா, செங்குத்தாகப் பிடித்து, கையிலேயே. படங்களை ஒட்டும் மென்பொருளான ஹியூகினில் போட்டு இணைத்தால் மலை, மரம், வானம் எல்லாம் அழகாக ஒட்டிக்கொள்கின்றன. முன்னால் ஒரு மீட்டர் தள்ளி ஓடும் கைப்பிடிக் கம்பி மட்டும் துண்டு துண்டாக நிற்கிறது. ஓரிடத்தில் ஒற்றைக் கம்பி இரட்டையாகவே தெரிகிறது. கம்பியின் மேல் கையாலேயே கன்ட்ரோல் பாயிண்ட்களை (இரண்டு படங்களிலும் ஒரே இடம் இதுதான் என்று காட்டும் புள்ளிகள்) அள்ளி வைத்துப் பார்த்தேன். கம்பி கொஞ்சம் சேர்ந்தது, மலை நெளிந்துவிட்டது. போதாததற்குக் கம்பி வில் மாதிரி வளைந்தும் கிடக்கிறது. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்? காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்கினால் சரியாகுமா?

பழைய லென்ஸ்:
வாங்காதீர்கள். இது செட்டிங் விவகாரமே இல்லை, பேரலாக்ஸ், அதாவது லென்ஸ் நகரும்போது அருகில் உள்ளது தூரத்தில் உள்ளதைவிட அதிகமாக இடம் மாறித் தெரிவது. கையில் பிடித்து எடுக்கும்போது நாம் உடம்பைத்தான் திருப்புகிறோம், கேமரா நம்மைச் சுற்றி வட்டமடிக்கிறது. முகத்துக்கு முன்னால் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து 30 டிகிரி திரும்பினால் லென்ஸ் 15 செ.மீ. போல நகர்ந்துவிடும். உங்கள் லென்ஸில், 4000 பிக்சல் அகலமுள்ள செங்குத்துப் படம் என்றால், 100 மீட்டர் தள்ளியுள்ள மரம் அதனால் சுமார் 6 பிக்சல்தான் இடம் மாறும். ஒரு மீட்டரில் உள்ள கம்பியோ 600 பிக்சல்! இரண்டையும் ஒரே நேரத்தில் பொருத்து என்று கேட்டால் பாவம், மென்பொருள் என்ன செய்யும்? நடுவில் எங்கோ சமரசம் செய்துகொள்ளும். உங்கள் மலை நெளிந்தது அதனால்தான்.

எடுத்த படங்களைக் காப்பாற்ற வழி இருக்கிறது. முதலில் கம்பியின் மேல் உள்ள பாயிண்ட்களை எல்லாம் தயவு தாட்சண்யம் பார்க்காமல் அழித்துவிடுங்கள். தூரத்தில் இருப்பவை மட்டும் போதும். மேகத்தின் மேல் விழுந்தவையும் வேண்டாம், மேகம் நகரும். ஆப்டிமைஸ் (பாயிண்ட்கள் பொருந்தும்படி மென்பொருளே படங்களைச் சரிப்படுத்துவது) செய்தபின் பாயிண்ட் பட்டியலைப் பிழை அளவுப்படி வரிசைப்படுத்தி, தலையில் நிற்பவற்றைத் தூக்குங்கள். அப்புறம் மாஸ்க், அதாவது படத்தில் வேண்டாத பகுதியை மறைப்பது. இரண்டு படங்கள் மேலே மேலே விழும் இடத்தில், ஒன்றிலிருந்து மட்டும் கம்பி வரும்படி மற்றதில் கம்பியைச் சுற்றி மாஸ்க் வரைந்து விலக்குங்கள். இரட்டைக் கம்பி உடனே போய்விடும். ஒரு படத்துக் கம்பி முடிந்து அடுத்த படத்துக் கம்பி தொடங்கும் இடத்தில் படி இருக்கத்தான் செய்யும். அந்த இணைப்பை ஒரு நிலைக்கம்பியின் பின்னால் தள்ளிவிட்டால் கண்ணுக்குப் படாது. கள்ளத்தனம்தான், ஆனால் எல்லோரும் செய்வது.

அடுத்த முறை கேமராவை லென்ஸைச் சுற்றித் திருப்புங்கள். முக்காலி இல்லையென்றால் லென்ஸ் வளையத்தில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் சின்ன எடையைத் தொங்கவிட்டு, அது தரையில் வைத்த ஒரு குறிக்கு நேர் மேலேயே நிற்கும்படி நீங்கள் கேமராவைச் சுற்றி நடங்கள். பார்ப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

முக்காலியும், அதன் மேல் கேமராவை முன்னே பின்னே நகர்த்த ஒரு நீளப் பட்டையும் இருந்தால் இன்னும் துல்லியம். அருகில் ஒரு குச்சி, தூரத்தில் ஒரு கம்பம், இரண்டும் ஒரே கோட்டில் தெரியும்படி வையுங்கள். கேமராவை இடமும் வலமும் திருப்பும்போது குச்சி கம்பத்தை விட்டு விலகினால், கேமராவைப் பட்டையில் முன்னே பின்னே தள்ளுங்கள். விலகாத இடம் கிடைத்ததும் பட்டையில் பேனாவால் ஒரு கோடு. ஜூம் லென்ஸ் என்றால் ஒவ்வொரு மி.மீ.க்கும் அந்த இடம் மாறும்.

வளைகோடு:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் கம்பி வில்லாக வளைவது தனிக் கதை, அது ஒட்டும் பிழையே இல்லை, சுற்றிலும் தெரிவதைத் தட்டையான படமாக விரிக்கும் முறையால் (ப்ரொஜெக்‌ஷன்) வருவது. உருளை ப்ரொஜெக்‌ஷனில் நிற்கும் கோடுகள் நேராக இருக்கும். தொடுவானத்துக்குக் கீழோ மேலோ ஓடும் படுக்கைக் கோடுகள் வளையும். நேர்கோடுகளை நேராகவே காட்டும் ரெக்டிலீனியருக்கு மாற்றினால் கம்பி நிமிரும், ஆனால் காட்சியின் அகலம் 120 டிகிரியை நெருங்கும்போதே ஓரங்கள் ஜவ்வாக இழுபடும். இரண்டுக்கும் நடுவில் பனினி என்று ஒரு முறை இருக்கிறது, அதையும் போட்டுப் பாருங்கள். அறைக்குள் எடுத்த படத்துக்கு நான் அதைத்தான் முதலில் தொடுவேன். உங்கள் கம்பி குறுக்கே ஓடுவதால் முழுக்க நிமிராது, கொஞ்சம் சாதுவாகும்.

அரைவட்டம்:
இத்தனை பாடு எதற்கு? ஃபோனில் பனோரமா போட்டு ஒரு வீச்சு வீசினால் போகிறது.

பழைய லென்ஸ்:
தூரத்து மலைக்குத் தாராளமாக. ஃபோன் மெல்லிய கீற்றுகளாக வெட்டி ஒட்டுவதால் பிழை சிறுசிறு நெளிவாகப் பரவிவிடும், அவ்வளவுதான். அருகில் கம்பி இருந்தால் அங்கேயும் அது பாம்பாக நெளியும், பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோனிலும் லென்ஸ் மூலையில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, அந்த மூலையை அச்சாக வைத்துத் திருப்பினால் பாதித் தொல்லை குறையும்.

முக்காலியற்றவன்:
கம்பிமேல் இருந்த பாயிண்ட்களை அழித்ததும் மலை மறுபடி நிமிர்ந்துவிட்டது. மாஸ்க் போட்டு இணைப்புகளை நிலைக்கம்பிகளின் பின்னால் ஒளித்தேன். வலது ஓரத்தில் நிலைக்கம்பி இல்லாததால் அங்கே மட்டும் ஒரு படி தெரிகிறது. பனினியில் வளைவு உறுத்தவில்லை. ஒரு சந்தேகம்: படத்துக்குப் படம் வானத்தின் வெளிச்சம் மாறியிருக்கிறது, அதையும் கையாலா சரிசெய்வது?

பழைய லென்ஸ்:
வேண்டாம். ஃபோட்டோமெட்ரிக் ஆப்டிமைஸ் ஓடவிடுங்கள், எக்ஸ்போஷரையும் லென்ஸின் ஓர இருட்டையும் அதுவே சமன்செய்யும். எடுக்கும்போதே எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டிவிட்டால் இந்தக் கேள்வியே வராது. வலது ஓரத்துப் படியை வெட்டித் தள்ளுங்கள், அந்தப் பக்கம் மலையும் முடிந்துதானே போகிறது?